மூலப்பிரதியில் யார் கை

கேசவுக்குச் சந்தேகப்படாவிட்டால் சாப்பாடு இறங்காது. கதவைப் பூட்டிய பிறகு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆசாமி. மலையாள நாட்டுத் தலைநகரில், வலியசாலையில் வீடு, பாளையத்தில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. 2006-ல் அவனுக்கு இருந்த ஒரே பெருமை, நாலு வருஷம் உட்கார்ந்து எழுதிய பஞ்சாங்க மென்பொருள். தேதியைக் கொடுத்தால் திதி, நட்சத்திரம், மாதப் பிறப்பு எல்லாம் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தி எழுதலாம் என்று இணையத்தில் தாராளமாகப் போட்டுவிட்டான். போட்டானே தவிர, யாராவது நிஜமாகவே ஒரு வரியைத் தொட்டால் அவனுக்குப் பொறுக்காது.

தொட வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜானவி, கரமனைப் பெண், டெக்னோபார்க்கில் வேலை. இன்னொருவன் பிபின், பாறசாலைக்காரன், அங்கே ஒரு டுட்டோரியலில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன். மூன்று பேரும் சர்வரில் இருந்த ஒரே மூலப்பிரதியில்தான் எழுதினார்கள். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். யார் என்ன மாற்றினார் என்று மூவருக்கும் மெயில் போகும்.

வம்பு மாதப் பிறப்பில் வந்தது. சூரியன் புது ராசிக்குள் அஸ்தமனத்துக்கு முன்னால் நுழைந்தால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே ஒன்றாம் தேதி. மலையாளக் கணக்கில் மத்தியானம் ஒரு மணி சொச்சத்துக்குள் நுழைந்தாக வேண்டும், தாண்டினால் மறுநாள். கேசவ் எழுதி வைத்திருந்தது தமிழ்க் கணக்கு. ஜூன் மாதம் ஒருநாள் பிபின் அந்த வரியை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது. எடுத்த வரி சிவப்பில் தெரிந்தது. கேசவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது, அதற்குமேல் படிக்கவில்லை.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் கேசவ் இல்லையே. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தான். அடுத்த வாரம் பார்த்தால் தன் வரி பழைய இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பயல் பயந்து திருப்பி வைத்துவிட்டான் என்று நினைத்தான். பத்து நாளில் மறுபடி எடுத்தான் பிபின். மறுபடி வரி திரும்பி வந்தது. மூன்றாவது தடவையும் அதே கூத்து நடந்ததும் கேசவுக்குத் தூக்கம் போயிற்று.

சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பையனுக்குப் பஞ்சாங்கத்தில் என்ன வேலை என்று மனைவி சாவித்ரியிடம் புலம்பினான். எந்தக் காலண்டர் கம்பெனிக்காரனோ பின்னால் இருக்கிறான், ஆகஸ்டில் புதிய பதிப்பு வரும்போது தப்புத் தேதி போய்ச் சேர்ந்து நம் பேர் நாறப்போகிறது, பிறகு மென்பொருள் அவன் கைக்குப் போய்விடும் என்றான்.

“ஏன்னா, எல்லாரும் எழுதலாம்னு போட்டது நீங்கதானே?” என்றாள் சாவித்ரி. அவள் கட்சி மாறிவிட்டாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படிப்பட்ட மனுஷன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தான். ஆளுக்கொரு கிளை, அதாவது தனிப் பிரதி. எழுதுவதை அவரவர் கிளையில் எழுதட்டும். ஒரே ஒருவர் பார்த்து, சரியாக இருந்தால் மூலப்பிரதியில் சேர்க்கட்டும். அந்த ஒருவர் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் அவனுக்குச் சந்தேகம் வராத ஒரே விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பானூரில் ஒரு காப்பிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கேசவ் அரை மணி நேரம் பேசினான். பிபின் எகிறுவான், எகிறினால் மூன்று தடவை எடுத்த கதையைப் போட்டு உடைக்கலாம் என்று தயாராக இருந்தான். பிபின் எகிறவில்லை. கிளைதான் நல்லது, இன்றைக்கே பிரிக்கலாம் என்றான்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறானே, இதில் என்ன சூது இருக்கிறது என்று கேசவுக்கு உறுத்தியது. கேட்டேவிட்டான்.

“சூது ஒண்ணும் இல்ல சாரே,” என்றான் பிபின். “கிளை எனக்குண்ணு ஆனா நீங்க அதுல கை வைக்க மாட்டீங்கல்லா? மூணு வட்டம் எழுதினேன். மூணு வட்டமும் நீங்க அழிச்சாச்சு. நாலாவது எழுத எனக்கு வயல்ல, முடியாது.”

நான் அழித்தேனா என்று கேசவ் சீறினான். ஜானவி பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். தேதி, நேரம், செய்தவர் பெயர். பிபின் எழுதியது மூன்று இடம். ஒவ்வொன்றுக்கும் கீழே அதை அழித்தவர் பெயர் கேசவ். அந்த மெயில்களும் அவனுக்கு வந்துதான் இருந்தன. தானே அனுப்பியதைப் பற்றி வரும் மெயிலை அவன் திறந்து பார்ப்பானா?

எப்படி நடந்தது என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. எழுதியதைப் பென் டிரைவில் போட்டுச் சாலைக் கடைத்தெருவில் பிரௌசிங் சென்டருக்குக் கொண்டுபோவான். சர்வரிலிருந்து புதியதை இறக்குவான். இறக்கினதன் மேலேயே தன் போல்டரை முழுசாக ஒட்டி அனுப்புவான்; பழைய வரி திரும்பி வரும், பிபின் எழுதியது அழியும். தன் சட்டைப் பையில் இருக்கும் பிரதியைத் தவிர வேறு எதையும் அவன் நம்பியதில்லை.

பிபின் எழுதியதை அந்தத் தாள்களில் கேசவ் அன்றுதான் முழுசாகப் படித்தான். எடுத்த தமிழ்க் கணக்கு சிவப்பு வரிக்குக் கீழேயே பத்திரமாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர்க் கணக்கைச் சொல்லும்படி அழகாக எழுதியிருந்தான். கேசவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சத்தியமாத் தெரியாமப் பண்ணினதுப்பா. பென் டிரைவ்லேர்ந்து அப்படியே ஒட்டிண்டிருந்தேன், அவ்வளவுதான்,” என்றான்.

“சாரமில்ல சாரே,” என்றான் பிபின், பரவாயில்லை என்கிற மாதிரி. அவன் நம்பவில்லை. மாணவன் சொல்லும் காய்ச்சல் கதைக்குத் தலையாட்டுகிற வாத்தியார் மாதிரி மரியாதையாகத் தலையாட்டினான். நம்புப்பா என்று இன்னொரு தரம் சொல்லக் கேசவுக்கு வாய் வரவில்லை. ஒரு சிவப்பு வரியை வைத்துக்கொண்டு காலண்டர் கம்பெனிவரைக்கும் சந்தேகப்பட்டவன் அவன். பிபினிடமோ மூன்று தடவைக்கும் அச்சிட்ட சாட்சியே இருந்தது.

அப்படியானால் மூலப்பிரதியில் சேர்க்கிற வேலை யாருக்கு என்று ஜானவி கேட்டாள்.

கேசவ் காப்பி டம்ளரைப் பார்த்தான். நாலு வருஷம். யாராவது வேண்டாம் அண்ணா, நீங்களே பாருங்கள் என்று சொல்லமாட்டார்களா என்ற ஆசையோடுதான் அதைச் சொன்னான்.

“ஜானவியே சேர்க்கட்டும். நானும் ஒரு கிளையில எழுதறேன்.”

பிபின் சரி என்றான். ஜானவி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள்.