பாலத்தில் முளைத்த நாடு

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல், ரைன் நதியின்மேல் பனிமூட்டம் கலையவில்லை. பின்லாந்திலிருந்து புறப்பட்ட மௌனம் அன்று ஜெர்மனியின் எல்லையூரான வைஸ்பாக்குக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஐரோப்பிய மக்களை இணைக்கும் பண்பாட்டுத் திட்டம் அது. ஒவ்வோர் ஊரும் தன் மௌனத்தில் ஒரு நிமிடத்தைச் செப்புப் பாத்திரமொன்றில் சேர்த்து, அடுத்த ஊருக்குக் கொடுக்க வேண்டும். ஒப்படைப்பில் பிழை நேர்ந்தால் அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நாடு முளைத்துவிடும். சென்ற ஆண்டு வடக்கே முளைத்த நாட்டைத் தபால்காரர்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

வைஸ்பாக்கின் சார்பில் பாத்திரத்தைச் சுமந்து வந்தவள் சுகிர்தா. அக்கரையிலுள்ள பிரெஞ்சு ஊரான மொர்லானின் சார்பில் வாங்க நின்றவள் அவளுடைய அக்கா மங்களேஸ்வரி. யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட இருவரும், விசாவுக்காகப் பல ஆண்டுகள் அலைந்த பின்னரே ஒரே ஆற்றின் இரு கரைகளில் குடியேறியிருந்தனர். இன்னொரு நாட்டின் வாசலில் போய் நிற்க அவர்களுக்குத் தெம்பில்லை.

பாலத்தின் நடுவில் திட்ட அதிகாரி ஹெல்கா அம்மையார் தராசோடு காத்திருந்தார். மௌனத்துக்கு எடை இருக்கக் கூடாது.

“இறுக்கிப் பிடி. கீழ போட்டிடாதை,” என்றாள் அக்கா.

“பேசாமல் நில்லுங்கோ அக்கா. நீங்கள் கதைச்சா அதுவும் இதுக்குள்ள போயிடும்.”

பாத்திரத்தைத் தராசில் வைத்ததும் முள் அசைந்தது. ஹெல்கா அம்மையார் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கைப்பிடி சீனி இருந்தது.

“என்னடி இது?”

“வெறும் பாத்திரத்தை எப்பிடியக்கா ஒருத்தருக்குக் குடுக்கிறது? கை தன்பாட்டில அள்ளிப் போட்டிட்டுது.”

பிறருடைய பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. மங்களேஸ்வரி பெருமூச்சு விட்டாள்.

“நானெண்டாலும் போட்டிருப்பன். ஆனா ஒரு கரண்டியோட நிப்பாட்டியிருப்பன்.”

“சற்று நேரத்தில் முளைத்துவிடும். அவரவர் கரைக்குப் போய்விடுங்கள்,” என்று சொல்லிவிட்டு ஹெல்கா அம்மையார் தராசை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காலடியில் தார் சூடேறியது. முழங்காலுயரத்தில் ஒரு சுங்கத் தடுப்பு தலைநீட்டியது.

“ஓடுங்கோ அக்கா! உங்கட பிள்ளையள் அந்தப் பக்கம் நிக்குதுகள்.”

“நீ முதல் ஓடடி.”

தராசிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் ஆளுக்கொரு காதை இருவரும் பற்றியிருந்தார்கள். யார் முதலில் கையை விடுவது என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். தடுப்பு தோளுயரம் வளர்ந்தது.

பின்னர் நடந்தது இது. நாடு எட்டடி அகலத்தோடு நின்றுவிட்டது. அது முளைத்தபோது அதன்மேல் நின்றவர்கள் என்பதால் சகோதரிகள் இருவரும் அதன் குடிமக்கள் ஆயினர். தத்தம் வீட்டுக்குப் போக இப்போது இருவருக்கும் விசா வேண்டும். கணவன்மார் இரு கரைகளிலிருந்தும் விண்ணப்பித்திருக்கிறார்கள். பாலத்து விளக்குக்கம்பம் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. சித்திரையில் அது காய்த்தது. காய்கள் புளித்தமையால் ஊறுகாய் போட்டார்கள்.