கிணற்றுத் தண்ணீரில் கழுவிய செவர்லே

1950 ஆகஸ்டு, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. இடம், திருவொற்றியூர் கடற்கரையோரம் என் அத்தான் வெள்ளத்துரையின் மிளகாய்வத்தல் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கார் கொட்டகை. இருந்த ஒரே நாற்காலியில் அத்தான். கிடங்கின் பின்வாசல் படியில் என் அக்காள் தங்கபுஷ்பம். கவிழ்த்த கூடைமேல் காசிமேட்டு மீன்காரி பச்சையம்மா. காரின் மிதிபலகையில் பீடியும் கையுமாக மெக்கானிக் ராமதாஸ். உட்காராதவன் நான் ஒருவன்தான். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

கார் 1937 மாடல் செவர்லே, ஆறு சிலிண்டர். அந்த எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் ஆத்திரமெல்லாம் கார் வைத்திருக்கிறவர்கள்மேல்தான். கார் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெயிண்டையும் ஹாரனையும்தான் வாங்குகிறார்கள். அத்தான் அந்த ரகம். யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டு, கரி வாயுவில் ஓட்டினார். பின்பாகம் அந்தப் பாரத்தில் அப்போதே இறங்கிவிட்டது. யுத்தம் முடிந்ததும் கொட்டகையில் போட்டு மறந்தார். இப்போது பின்பாதியை ரம்பத்தால் அறுத்து, பலகை அடித்து, வேன் ஆக்கியிருந்தார். நல்ல காரை அறுக்கிறவனோடு எனக்குப் பேச்சே கிடையாது. உறவாகிப் போனதால் பேசினேன்.

புதன்கிழமை மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து சர்டிபிகேட் கொடுப்பதாக இருந்தது. வியாழன் முதல், விடியற்காலையில் பச்சையம்மாவும் இன்னும் ஏழு பெண்களும் கூடைகளோடு அதில் ஏறி வண்ணாரப்பேட்டைக்குப் போவதாக ஏற்பாடு.

வண்டியின் முதுகெலும்பு சேஸிஸ். அதன் இடது பக்கத்துச் சட்டத்தில், பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், புதிதாகத் தார் பூசியிருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன். பாதி உள்ளே போய்விட்டது. முகத்தில் துரு கொட்டியது.

"அத்தான், இது இரும்பில்லை, அப்பளம். எட்டுப் பேர் ஏறினால் ஓட்டத்திலேயே இரண்டாக ஒடியும்."

"இன்னா நைனா, அந்தக் குத்து குத்துற?" என்றான் ராமதாஸ். "அப்படிக் குத்துனா உன் வயிறுகூடத்தான் ஓட்டை வுழும். வெல்டிங் பத்த வச்சு, இரும்புப் பட்டை குடுத்து, தார் அடிச்சிருக்கேன். இன்னும் பத்து வருசம் ஓடும்."

"துருமேல் பற்றவைத்தால் எதில் பிடிக்கும்? உன் நாக்கிலா?"

அத்தான் சிரித்தார். "ஏ மாப்ள, கப்பல் ஆபீஸ்ல காயிதம் எழுதுதவனுக்கு வண்டியப் பத்தி என்னடே தெரியும்? வெளிய வா."

பச்சையம்மா எழுந்துவிட்டாள். "உங்க மச்சான் சண்டைய அப்பால வச்சுக்கங்க. வண்டி வருமா வராதா? முட்டி தேஞ்சு போச்சு, நடந்து நடந்து. கலீஜ் பண்ணாத சாமி."

"ஏறினால் செத்துப் போவாய்."

"வாயக் கழுவு! நாளு கிழமையுமா சாவுன்றான் பாரு!"

நான் வெளியே வந்து, புதன்கிழமைக்குள் இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிடுவேன் என்றேன். அத்தானின் சிரிப்பு நின்றது. ராமதாஸ்தான் பேசினான்.

"எழுது நைனா, நல்லா எழுது. அதெப்படி அழுகிச்சுன்னும் சேத்து எழுது. கிணத்துத் தண்ணி ஊத்துனது யாரு? நான் அப்பவே வாணாம்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னான். 1938இல் சாத்தான்குளத்துப் பக்கம் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு அக்காள் வீட்டுக்கு வந்தவன் நான். அந்தக் காரைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பில்லை. குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவே பற்றாது. கொட்டகைக்குப் பின்னால் உப்புக் கிணறு, இறைக்க இறைக்க ஊறும். மற்ற கார்களின் டிரைவர்கள் மேல்புறத்தைத் துடைத்ததோடு விட்டார்கள். நான் அடியில் படுத்து, வாளி வாளியாக வீசி, சேஸிஸின் இடுக்கெல்லாம் கழுவினேன். நாலு வருஷம், ஒருநாள் தவறாமல். உப்புத் தண்ணி ஆகாது என்று ராமதாஸ் சொன்னபோது சோம்பேறி என்று அவனை ஏசினேன். ஊரிலேயே சுத்தமான கார் என்று மார்தட்டியவனும் நான்தான். கவனிப்பாரின்றிக் கிடந்திருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும்.

"கெடுத்தவன் நீ. இப்ப என் பொழப்பையும் கெடுக்கப் போறியாக்கும்?" என்றார் அத்தான். "போலே வெளிய."

ராயபுரத்தில் நான் குடியிருந்த அறைக்கு வந்து எழுதினேன். முதல் பத்தியில் வண்டி எண். இரண்டாவதில் பழுது இருக்கும் இடம், அளவோடு. மூன்றாவதில் காரணம்: 'கடற்காற்று' என்று எழுதினேன். கீழே என் பெயரும் விலாசமும்.

திங்கள் காலை, ஆபீசுக்குக் கிளம்பும்போது அக்காள் வந்தாள். உட்காரவில்லை.

"அந்தக் காயிதத்தக் கிழி."

"முடியாது."

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுதானடே வளந்த? அவிய பேரு சந்தி சிரிச்சா உனக்குச் சந்தோசமா?"

"நீ அதில் ஏறுவாயா அக்கா?"

"நான் ஏன் ஏறப் போறேன்? ஏறப் போறது மீன்காரிவதான?"

சொன்ன பிறகும் அவள் முகம் மாறவில்லை. "அனுப்புனேன்னா, கூடப்பொறந்தவன்னு இனி எம் படியேறாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மேஜைமேல் இருந்ததை மறுபடி படித்தேன். கடற்காற்று திருவொற்றியூரில் எல்லா வண்டிமேலும்தான் அடிக்கிறது. அதைப் படித்துவிட்டு எந்த இன்ஸ்பெக்டர் தரையில் படுப்பார்? குடும்பத் தகராறு என்று தள்ளிவிடுவார். தாளைக் கிழித்து வேறு தாள் எடுத்தேன். மூன்றாவது பத்தி இப்படி ஆயிற்று: 'மேற்படி வண்டியின் அடிப்பாகத்தை 1938 முதல் 1942 வரை தினந்தோறும் உப்புக் கிணற்று நீரால் கழுவியவன் இதில் கையொப்பமிட்டுள்ள நானே. ஆகையால் சேஸிஸின் எந்தெந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது என்பதை நான் அறிவேன். அவை ஐந்து. தாரைச் சுரண்டிவிட்டுப் பார்க்கவும்.' ஐந்தையும் எழுதினேன்.

ராயபுரம் தபாலாபீசில் உறையின் வாயில் பசையைத் தடவி, நகத்தால் அழுத்தி ஒட்டினேன். ரிஜிஸ்தர் என்றேன். குமாஸ்தா விலாசத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், யார்மேல பிராது?"

"என்மேலும்தான்" என்றேன். அவர் முத்திரை குத்திப் பையில் போட்டார்.