கார்த்திகையில் எட்டு மீன்

மார்கழியில் கல்யாண வேலை வராது. சேந்தமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நசீபா அந்த மாதத்தை வானத்துக்கென்று ஒதுக்கிவிடுவாள். இந்த வருஷம் அவள் படம் எடுக்க நினைத்தது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை. அதைச் சுற்றியிருக்கும் நீலப் புகையும் படத்தில் வர வேண்டும். அமாவாசையன்று பகலிலேயே கணவன் நவ்ஷாத்துடன் கொல்லிமலைக்கு ஏறி, தேவனூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் வண்டியை நிறுத்தினாள்.

வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி அவளிடம் இருந்தது. அதைச் சரியாக நிறுத்தத் துருவ நட்சத்திரம் கண்ணில் பட வேண்டும். இங்கே அது வடக்கே மிகத் தாழ்வாக நிற்கும்; மறைக்க ஒரு மரம் போதும். பார்த்த இடமெல்லாம் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். திரும்பிவிடலாம் என்றான் நவ்ஷாத். அவள் கேட்கவில்லை. திசைகாட்டியோடு நான்கு தோட்டம் நடந்து, மரவள்ளிக் காட்டின் நடுவே வடக்கு திறந்து கிடந்த ஒரு பாறையைக் கண்டுபிடித்தாள்.

காடு பாவாயிக்கும் அவள் புருஷன் தனபாலுக்கும் சொந்தம். கேட்டதும் சம்மதித்தார்கள். இருட்டியதும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு அவர்களும் பாறைக்கு வந்தார்கள்.

தனபால் மனைவியைக் கேலி செய்தார். கார்த்திகைக் கூட்டத்தில் ஊருக்கெல்லாம் ஆறு மீன் தெரிகிற இடத்தில் இவளுக்கு மட்டும் எட்டுத் தெரிகிறதாம். கல்யாணமான நாளாக இதையே சொல்கிறாளாம். பாவாயி மடியிலிருந்த மிளகில் எட்டை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பாறைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

“கெழக்கோரத்து மீனுக்கு மேல ஒட்டினாப்புல ஒண்ணு இருக்குது கண்ணு. அதையெல்லாந்தான் இவரு இல்லைங்கறாரு.”

நசீபா ஒரு நிமிடம் லென்ஸைத் திறந்துவைத்துப் படம் ஒன்று எடுத்து, திரையில் பெரிதாக்கினாள். நட்சத்திரங்கள் பொடிப்பொடியாக இறைந்து கிடந்தன. பளிச்சென்று தெரிந்தவற்றை மட்டும் மிளகோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

“எட்டும் இருக்குதுங்கக்கா. நீங்க வெச்ச எடத்துலயே இருக்குது.”

தனபால் திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தனக்கு இன்னமும் ஆறுதான் தெரிகிறது என்றார்.

“உங்க கண்ணுக்கு அவ்வளவுதானுங்க,” என்றாள் பாவாயி.

பத்தாவது படத்தில் பனி லென்ஸை மூடியது. நவ்ஷாத் பதறித் துணி தேடினான். துடைத்தால் மறுபடியும் படியும் என்று நசீபா தடுத்து, கொஞ்சம் சூடு வேண்டும் என்றாள். பாவாயி வீட்டுக்குப் போய், ஒரு பிடி மணலை வறுத்துத் துணியில் முடிந்து வந்தாள். நசீபா அதை லென்ஸோடு சேர்த்துக் கட்டினாள். கண்ணாடி தெளிந்தது. மேகம் ஏறுவதற்குள் தொண்ணூறு படம் எடுத்துவிட்டாள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்த்தபோது நீலப் புகை நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. அடுத்த வாரமே பெரிய பிரிண்ட் ஒன்றைப் பாவாயியிடம் கொடுத்தாள். பாவாயி அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மொத்தம் எத்தனை இருக்கும் என்று கேட்டாள்.

ஆயிரத்துக்கும் மேல் என்றாள் நசீபா.

பாவாயிக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.