மைக்கா டியூப்

பிலோமினா மூச்சை அடக்கிக்கொண்டு அந்த டியூபைப் பஞ்சிலிருந்து எடுத்தாள். அதன் ஒரு முனையில் பாலாடை மாதிரி மெல்லிய மைக்கா. நகம் பட்டாலே போதும், கதை முடிந்தது.

"அது வேணாம் பிலோ," என்றார் கட்டிலில் கிடந்த டக்ளஸ். "ஸ்டீல் டியூபப் போடு. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் இப்படித்தான். சப்பாத்தோ, குடையோ, அலுமாரியோ, கெட்டி பார்த்துத்தான் வாங்குவார். கதிர்வீச்சு அளக்கும் மீட்டருக்கு மட்டும் இரண்டு டியூப்களை வரவழைத்துவிட்டு, எதைப் பூட்டுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினார். நேற்று ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் கை நடுங்கியது. பூட்ட வேண்டியவள் அவள்தான்.

எல்லாம் பக்கத்துக் கடை வடிவம்மாவுக்காக. தினமும் டக்ளஸோடு ரம்மி ஆடிச் சண்டை பிடிப்பவள், அவருடைய தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்ததிலிருந்து வாசற்படியைத் தாண்டவில்லை. பாணையும் சொதியையும் படியில் வைத்துவிட்டு அங்கிருந்தே சத்தம் போடுவாள். உடம்பில் அந்தக் கதிர் ஒன்றும் தங்காது என்று டாக்டர் சொல்லியும் அவள் நம்பவில்லை.

"ஸ்டீல் டியூபுக்குச் சின்னக் கதிரெல்லாம் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப அதுக்குக் காது மந்தம்னு சொல்லிருவா."

டக்ளஸ் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. "நீ உடைச்சிட்டா?"

"உடைஞ்சா உடையட்டும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. கெட்டியாக இருந்ததெல்லாம் போதும் என்று ஏன் தோன்றியதோ.

மைக்கா டியூப் கிளிப்புகளுக்குள் பதவிசாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். டிக். டிக் டிக். டிக்.

"ஐயோ! நான் சொன்னேன்ல!" வாசலில் வடிவம்மா கத்தினாள்.

"கத்தாதக்கா. கேளு."

பிலோமினா மீட்டரைச் சுவரருகே பிடித்தாள். டிக். டிக் டிக். டக்ளஸின் தொண்டையருகே பிடித்தாள். அதே டிக், அதே நிதானம்.

"அந்த மேன்டில் கொண்டாந்தியா?" என்றார் டக்ளஸ்.

கடையில் விலைபோகாமல் கிடந்த பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு மேன்டில் பாக்கெட்டை வடிவம்மா தயங்கித் தயங்கி நீட்டினாள். பிலோமினா மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதுதான் தாமதம், அது படபடவென்று பொரிந்து தள்ளியது. மேன்டில் வலையில் பூசும் தோரியமும் கதிர் வீசுவதுதான்.

"அடி ஆத்தி!"

"இத்தன வருஷம் கடையில கரண்ட வச்சிக்கிட்டு, என்னையா ஒதுக்கி வச்ச?" டக்ளஸின் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பில். "நீ அங்கயே நில்லு. எனக்குப் பயமா இருக்கு."

வடிவம்மா பாக்கெட்டை முற்றத்தில் வீசினாள். ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நகருங்கண்ணே. சீட்டு எங்க?"

அன்று பகலெல்லாம் அம்பிட்டிய மேட்டில் அந்த வீட்டுச் சத்தம்தான். குசினியில் நின்ற பிலோமினா காரணமில்லாமல் பாடினாள். தேத்தண்ணியோடு அவள் வந்தபோது, வடிவம்மா கையில் சீட்டை விரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"போடுங்கண்ணே. இவ்வளவு யோசிக்கிறதா?"

சீட்டின் மேல் நிலைகுத்தி நின்ற டக்ளஸின் பார்வையைக் கண்டதுமே பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது. கோப்பைகளை வைத்துவிட்டு வந்து அவர் கண்களை மூடினாள். நெற்றியில் சிலுவை போட்டாள்.

யாரும் அழவில்லை. வடிவம்மா சீட்டுகளைப் பொறுக்கி எண்ணினாள். ஒன்று குறைந்தது. அவருடைய தொடைக்கடியில் கைவிட்டுத் துழாவினாள். வந்தது ஜோக்கர்.

"களவாணி அண்ணே!"

பிலோமினாதான் முதலில் சிரித்தாள். பிறகு இருவரும், அடக்க முடியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

அடங்கியபின்னும் வடிவம்மா எழுந்திருக்கவில்லை. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். கட்டிலில் இடமில்லை. பிலோமினா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.