டோக்கன் அக்காவுக்கு வந்த மெசேஜ்கள்

பல் டாக்டரிடம் போன மனிதன் தேவைக்கு மேல் ஒரு நிமிடம் அங்கே உட்கார்ந்து யாராவது பார்த்ததுண்டா? வாயைக் கொப்பளித்தோமா, தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினோமா என்பதுதான் வழக்கம். ஆனால் மூன்று வாரமாக டாக்டரம்மாவின் கிளினிக்கில் வேலை முடிந்தவர்கள்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். டாக்டரம்மா இதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மையான காரணம் சுவரில் மாட்டியிருந்த டிவி.

டோக்கன் நம்பர் காட்டத்தான் அந்த டிவி. அதற்கு நேர் கீழே, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் டோக்கன் அக்கா. வயது நாற்பத்து மூன்று. டோக்கன் கொடுத்துக் கொடுத்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அறுபது வயது ஆசாமிகளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

கிளினிக்குக்கென்று ஒரு செல்போன் இருந்தது. நாளைக்கு யார் யார் வரவேண்டுமோ அவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் மெசேஜ் போகும். போன மாதம் ஒருநாள் டோக்கன் அக்கா அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மூலையில் இருந்த மீன்தொட்டிக்குத் தீனி போடக் குனிந்தாள். போன் தொட்டிக்குள் குதித்து உயிரை விட்டது. மாதம் இரண்டு முறை தொட்டி கழுவ வரும் மீன்தொட்டிக்காரர்தான் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார். போன் போனதைவிட, அது விழுந்ததில் ஆரஞ்சு நிற மீன் பயந்துவிட்டதே என்றுதான் அவருக்குக் கவலை. தினமும் அது எப்படி இருக்கிறது என்று சொல்லும்படி டோக்கன் அக்காவின் சொந்த நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

புது போன் வரும்வரைக்கும் டோக்கன் அக்காவின் போனையே கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. கம்ப்யூட்டர்காரர் வந்தார், எதையோ தட்டினார், போய்விட்டார். அன்றிலிருந்து போனுக்கு வரும் மெசேஜ் எல்லாம் கம்ப்யூட்டரிலும் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் போனிலிருந்து போனது. ஆனால் அந்தப் புண்ணியவான் டிவியை முதல் திரை என்றும் மேசைமேல் இருந்ததை இரண்டாம் திரை என்றும் வைத்துவிட்டார். அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு மெசேஜும் டிவியின் மூலையில் பெரிய எழுத்தில் ஏழெட்டு விநாடி நின்று, பிறகு மறையும். இவள் எழுதும் பதில் மட்டும் இவளுடைய திரையோடு சரி. அவளோ தலையைத் திருப்பி டிவியைப் பார்த்ததே இல்லை. தானே அழுத்தும் நம்பரைத் தானே எதற்குப் பார்க்கவேண்டும்?

இப்படியாகத்தான் கதை தொடங்கியது. போனில் ஒற்றைக் கட்டை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அமுக்குபவள் டோக்கன் அக்கா. 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்புவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். கீபோர்டிலோ பத்து விரலும் பறக்கும். டைப்பிங்கில் அந்தக் காலத்திலேயே சான்றிதழ் வாங்கியவள். 'ஆரஞ்சு சாப்பிட்டதா?' என்று மீன்தொட்டிக்காரர் கேட்டால், சாப்பிட்டதையும், சாப்பிடும்முன் கறுப்பு மீனை அது விரட்டியதையும், விரட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் செடிக்குப் பின்னால் போய் நின்றதையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடுவாள்.

'நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது' என்று முதல் வாரம் டிவியில் வந்தது.

'ஆரஞ்சு இருக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?' என்று இரண்டாம் வாரம் வந்தது.

அதைப் படித்த அன்று, தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் பல்வலியை மறந்து பக்கத்து நாற்காலிக்காரரின் கையைக் கிள்ளிவிட்டாள். அவர் ஒரு கணக்கு வாத்தியார். கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சைக்காக ஐந்தாவது முறையாக வந்திருந்தார். டோக்கன் அக்காவின் பதில்கள்தான் தெரியவில்லையே, அதனால் வருகிற வரியை வைத்துப் போன வரி என்னவாக இருக்கும் என்று வாத்தியார் கண்டுபிடித்துச் சொல்வார். தையல்கார அம்மாள் மறுப்பாள். புதிதாக யாராவது உள்ளே வந்தால், முதலில் டோக்கன், பிறகு காதோடு காதாக இதுவரை நடந்த கதை. டோக்கன் அக்காவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாளே என்ற பயம்தான். பிறத்தியார் விஷயத்தை எட்டிப் பார்ப்பது தப்பில்லையா என்று கேட்டால், தப்புதான். ஆனால் கண்ணுக்கு எதிரே இவ்வளவு பெரிய எழுத்தில் வந்து நின்றால் மனிதன் என்ன செய்வான்?

மூன்றாம் வாரம் புதன்கிழமை காலை அந்த மெசேஜ் வந்தது.

'ஞாயிற்றுக்கிழமை மீன் கண்காட்சிக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா? மீனுக்காக மட்டும் கூப்பிடலை. யோசிச்சு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இஷ்டமில்லைன்னா தயங்காம சொல்லிடுங்க. இனிமே தொட்டிக்கு என் பார்ட்னரை அனுப்பிடறேன், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.'

டோக்கன் அக்கா அதைத் தன் திரையில் பதினோரு முறை படித்தாள். அன்று ராத்திரி தூங்கவில்லை.

அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நேர்மை அவளுக்கு உண்டு. அந்த மனிதர் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு மீன்களிடம் "கொஞ்சம் நகருங்கப்பா" என்று மரியாதையாகக் கேட்கும் அழகே அவளுக்குப் போதும். ஆனால் அவள் இருப்பது அண்ணன் வீட்டில். இருபது வருஷத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனபோது, தெருவே அதை ஒரு வருஷம் மென்று துப்பியது. அண்ணி தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டு அழுதுகொண்டு வந்த நாளெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. இப்போது நாற்பத்து மூன்று வயதில் ஒருவரோடு சேர்ந்து மீன் பார்க்கப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால். வரவேற்பறையில் கூட்டம் நெரிந்தது. தையல்கார அம்மாள் தன் வீட்டுக்காரருக்கென்று டோக்கன் வாங்கியிருந்தாள். வீட்டுக்காரரைக் காணோம். வாத்தியாருக்கு அன்று முறையே இல்லை. பஸ் டிரைவர் ஒருவருக்கு டாக்டரம்மா ஊசி போட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார். அவருக்கு உதடு தொங்கிவிட்டது, கண் மட்டும் டிவியை விட்டு நகரவில்லை.

டோக்கன் அக்கா கீபோர்டை இழுத்தாள். பத்து விரலில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினாள். 'மன்னிச்சுக்கோங்க. என்னால வர முடியாது. நல்லா இருங்க.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். ஏதோ பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்தது, மருந்து போடாமல்.

இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'சரிங்க. புரியுது. அடுத்த தடவை பார்ட்னர் வருவார். ஆரஞ்சுக்கு ரெண்டு உருண்டைக்கு மேல போடாதீங்க, அது கேட்டுட்டே இருக்கும்.'

"ஐயையோ!" என்று ஒரு சத்தம். ஒரு வாயிலிருந்து அல்ல, வரவேற்பறை முழுவதிலிருந்தும்.

டோக்கன் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பன்னிரண்டு பேரும் தன் தலைக்கு மேலே பார்ப்பதைக் கண்டாள். திரும்பினாள். டிவியில், டோக்கன் எண் ஆறுக்குப் பக்கத்தில், ஆரஞ்சும் இரண்டு உருண்டையும் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

அவளுக்கு ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. பூமி பிளந்தால் நாற்காலியோடு உள்ளே போய்விடத் தயாராக இருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "மூணு வாரம்மா. நீங்க எழுதினது எதுவும் தெரியாது. அவர் எழுதறது மட்டும்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"என் கடைக்கு வர்றவங்களுக்கும் தெரியும்," என்றாள் தையல்கார அம்மாள். பிறகு சட்டென்று எழுந்து மேசைக்கு வந்தாள். "எங்க மேல தப்புத்தான், திட்டு, வாங்கிக்கறோம். ஆனா முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. என்னத்த எழுதித் தொலைச்சே நீ? அந்த மனுஷன் இப்படி உடைஞ்சு போயிட்டாரு!"

"வர முடியாதுன்னு எழுதினேன்." டோக்கன் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இந்த வயசுல நான் போனா பார்க்கிறவங்க என்னக்கா சொல்வாங்க?"

"பார்க்கிறவங்களா? மூணு வாரமா இமை கொட்டாம பார்த்துட்டு இருக்கோமே, எங்களைக் கேளு! என் வீட்டுக்காரர் பல்லுல ஒரு குறையும் இல்லை. அவர் பேர்ல டோக்கன் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன், நீ சரின்னு சொல்றதைப் பார்க்கத்தான்!"

"எனக்கு வேர் சிகிச்சை போன வாரமே முடிஞ்சுது," என்றார் வாத்தியார், தலையைக் குனிந்துகொண்டு.

பஸ் டிரைவரும் என்னவோ சொன்னார். மரத்துப்போன வாயிலிருந்து காற்றும் எச்சிலும்தான் வந்தன. ஆனாலும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

டோக்கன் அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் பயந்த அந்த நாலு பேர் இவர்கள்தானா? கன்னம் வீங்கியவர்களும், பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவர்களுமாகத் தனக்காக உட்கார்ந்திருக்கும் இவர்களா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டின் பக்கம் திரும்பினாள்.

தையல்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். டோக்கன் அக்கா திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இது மட்டும் யாருக்கும் கிடையாது. போய் உக்காருங்க."

விரல்கள் பறந்தன. என்ன எழுதினாள் என்று எனக்கும் தெரியாது. நீளமாக எழுதினாள் என்பது மட்டும் தட்டுகிற சத்தத்தில் தெரிந்தது. அனுப்பினாள். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். அவளும் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு, முதல் தடவையாக, அவர்களோடு சேர்ந்து பார்த்தாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. உள்ளேயிருந்து டாக்டரம்மா, "டோக்கன் ஏழு யாருங்க?" என்று குரல் கொடுத்தார். ஏழு அசையவில்லை.

மூலையில் எழுத்து மின்னியது.

'நிஜமாவா? ஒரு தடவைக்கு நாலு தடவை படிச்சுட்டேன். கண்காட்சி பத்து மணிக்குத்தான் திறப்பாங்க. ஆனா நான் ஒன்பது மணிக்கே வந்து உங்களுக்காகக் காத்திருக்கட்டுமா, இல்லை பத்துக்கே வரட்டுமா?'

கைதட்டலில் மீன்தொட்டித் தண்ணீர் ஆடியது. ஆரஞ்சு ஓடிப்போய்ச் செடிக்குப் பின்னால் நின்றது. டோக்கன் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரலைக் கீபோர்டில் வைத்தபடி கூட்டத்தைப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க எல்லாரும்? ஒன்பதா, பத்தா?"

ஆளாளுக்குக் கத்தியதில் ஒன்றும் விளங்கவில்லை. பஸ் டிரைவர் மட்டும், வாய் ஒத்துழைக்காததால் நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு விரலை மடக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.