மேடையில் சொன்ன சம்மதம்

வார்டன் சார் படித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில். படித்த கையோடு இங்கேயே விரிவுரையாளர் வேலை, கூடவே விடுதிப் பொறுப்பு. கல்யாணமாகி வந்த மனைவியையும், எங்கள் எல்லோருக்கும் அவர் 'அம்மா', மாணவர் விடுதியை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் குடிவைத்தார். காய்ச்சல், அடிதடி, காதல் தோல்வி, எதுவானாலும் பையன்கள் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தான்.

என்னைச் சேர்க்க வந்த அப்பா, அலுவலக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அவரை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தவர் சார். இன்று நான் அவர் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளர். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அவருடைய ஓய்வு விழா அன்று மட்டும் வாய் வந்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாமான் ஏற்றிய வேன் வெளியே நின்றது. ஊர்க்கோடியில் சின்னதாக, சொந்தமாக ஒரு வீடு.

"பால்கனியில துணி காயப்போடப் போறேன்டி. இங்க பசங்க கண்ணுக்குப் பயந்து பாத்ரூமுக்குள்ளயே காயப்போட்டு, என் துணிக்கு வெயில்னா என்னன்னே தெரியாது" என்றார் அம்மா.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். "புது வார்டன் இன்னும் கிடைக்கல. சார் இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா நமக்குக் கவலையில்ல. என்ன சார்?"

சார் எழுந்து நெஞ்சில் கைவைத்தார். "இது எனக்குத் தாய்வீடு. இருன்னா இருக்கேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அம்மா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்து என் நன்றியுரை. தயாரித்ததெல்லாம் மறந்துபோனது. "சார், அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. சாரும் சிரித்தார். "அவ எப்பவும் நம்ம கட்சிதாம்மா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழா முடிந்ததும், சாமானை இறக்கவா என்று சாரிடம் வேன் டிரைவர் கேட்டார். அம்மா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"அவர் பெட்டிய மட்டும் இறக்கு தம்பி."

"என்ன விளையாட்டு இது?" என்றார் சார்.

"விளையாட்டு இல்லீங்க. நீங்க உங்க தாய்வீட்ல இருங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. உங்க ஹாஸ்டல் மாதிரிதான், சாயந்திரத்துக்கு மேல விசிட்டருக்கு அனுமதியில்ல."

வேன் போய்விட்டது. துணைவேந்தர் இன்னும் உள்ளேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே போய் முடியாதுன்னு சொல்லுங்க சார்" என்றேன்.

"அத்தனை பேர் முன்னால சரின்னுட்டேனேம்மா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தார். நான் கூடப் போய் அதைக் கையிலிருந்து வாங்கியிருக்கலாம். போகவில்லை.