எடை தொண்ணூற்றெட்டு கூடியிருந்தது

அமிலத்தையும் அமீன் என்னும் காரத்தையும் ஒரே குடுவையில் விட்டால் அவை தாமே கைகோத்துக்கொள்வதில்லை. நடுவில் ஓர் இணைப்பான் வேண்டும். அது முதலில் அமிலத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். அதன் பிறகே அமீன் உள்ளே வரலாம். புதிதாக வருவோர்க்கெல்லாம் இந்த வரிசையை மனப்பாடமாக்கியவர் அவள் கணவர். நிறுப்பதில் மில்லிகிராம் பிசகாதவர். ஆய்வகத்தில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர். அவளுக்கு அடுத்த மேசை அவருடையது.

அந்தத் தராசின் குடுவைதான் அன்று கெட்டது. ஏழு மாத உழைப்பில் செய்த அமிலத்தில் பாதி, பிரிக்க முடியாத கலவையாகிவிட்டது. மிச்சம் நூற்றிருபது மில்லிகிராம்.

நிறை அளக்கும் கருவி தந்த தாளை அவள் எடுத்துப் பார்த்தாள். அமீனின் மூலக்கூறு எடை தொண்ணூற்றெட்டு கூடியிருந்தது. ஹாட்டு என்னும் வெள்ளைப் பொடி இணைப்பான் அமிலத்தை விட்டுவிட்டு அமீனையே பிடித்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். அப்படியானால், அமிலம் விழித்தெழ நேரம் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறார். தராசா வரிசையை மறப்பார்? மூன்று மாதமாக அந்த வெள்ளைப் பொடியைத் திறந்தாலே அவருக்குத் தும்மல், கண் வீக்கம். கேட்டால் தூசி என்பார்.

"என்னங்க, பொடியைப் போட்டுட்டு எங்க போனீங்க?"

"எங்கயும் போகலையே."

"வராந்தாவுக்கா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மூச்சு முட்டுச்சும்மா. ஒரே தடவையில முடிச்சுட்டு வெளிய ஓடினேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னை ஃபைல் ரூம்ல உட்கார வெச்சுடுவாங்க."

மூச்சுத் திணறலை மறைப்பது வீரம் என்று உழைக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? திணறுகிறவன் கோழையல்லன், திணற வைப்பதை மாற்றத் துணியாத இடமே கோழை.  அவள் கைக்குட்டையை மட்டும் நீட்டினாள்.

"மிச்சத்துக்கு நான் வேற இணைப்பான், டி-த்ரீ-பி போடறேன். கரைசலாவே வருது, பறக்க ஒண்ணும் இல்ல. தண்ணில கழுவினா போயிடும்."

"அது சோம்பேறி. என் அமீன் வேற குண்டு. உள்ள நுழையவே நாளாகும்."

"குண்டுன்னா என்ன? இருபது வருஷமா நான் ஒரு குண்டு மனுஷனோட குடும்பம் நடத்தலையா?"

அவர் சிரிக்கவில்லை. "கடைசி நூத்தி இருபது. போச்சுன்னா?"

"போச்சுன்னா இன்னும் ஏழு மாசம். நீங்க போயிட்டா எனக்கு எத்தனை மாசம்?"

அவர் அமிலக் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பனிக்கட்டியில் குடுவையை அமர்த்தி, இணைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மறுநாள் நண்பகலில் சோதனைத் தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்தபோது, அமிலத்தின் புள்ளி மங்கலாக இன்னும் நின்றது. அதற்கு மேலே புதிய புள்ளி ஒன்று, அழுத்தமாக. முக்கால்வாசி சேர்ந்திருந்தது. அது போதும்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அடுத்த மேசைக்காரர் படித்துச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. இணைப்பானைத் தேர்ந்த காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'பொடி, அடுத்த மேசைக்காரரின் மூச்சுக்கு ஒவ்வாதது.'

"கழுவறது சுலபம்னு எழுதலாமே?"

"அதுவும் நிஜம்தான். ஆனா நான் அதுக்காக எடுக்கலையே."

"இதுல கையெழுத்துப் போட்டா நானே ஒப்புக்கிட்ட மாதிரி."

"ஆமா."

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். தம்முடைய குறிப்பேட்டைத் திறந்து, கெட்டுப்போன பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று தாம் எழுதியிருந்த சொல்லை ஒரே கோட்டால் அடித்தார். பக்கத்தில் 'மூச்சுத் திணறல்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார்.

"இதுக்கு நீ சாட்சி போடு" என்று அவளிடம் தள்ளினார்.